தலைப்பிரட்டை வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நண்பர் வீட்டில் ஆப்பிரிக்க நகத் தவளைகள் இட்ட முட்டைகளில் சிலவற்றை வாங்கி வந்தேன். மூன்றாம் நாளே பொரிந்து நாற்பது தலைப்பிரட்டைகள் கிடைத்தன. தினமும் வேகவைத்த கீரை போட்டு வருகிறேன். எதுவும் அதைத் தொடுவதில்லை. தண்ணீர் கலங்கி நாற்றம் அடிக்கிறது. பத்து நாள்களில் பாதி இறந்துவிட்டன. மீதமுள்ளவை தலைகீழாகத் தொங்குகின்றன. இவற்றையாவது காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். முதலில் ஒரு கவலையை விட்டுவிடுங்கள். நகத் தவளையின் தலைப்பிரட்டை தலையைக் கீழே சாய்த்து, வாலின் நுனியை மட்டும் இடைவிடாமல் துடிக்கவிட்டபடி நீரின் நடுவில் மிதப்பதுதான் அதன் இயல்பான நிலை. தொட்டிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி போன்ற உடலுக்குள் இதயம் துடிப்பதும், வாயின் இருபுறமும் கெளுத்தி மீனுக்கு இருப்பதுபோல இரண்டு மெல்லிய மீசைகள் நீண்டிருப்பதும் தெரியும். வாலின் துடிப்பு ஒழுங்காக இருந்தால் அது நலமாக இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து தொட்டியின் அடியில் கிடப்பவையே ஆபத்தில் இருப்பவை.

இறப்புக்குக் காரணம் கீரை என்றே கருதுகிறேன். நாம் குளங்களில் காணும் பெரும்பாலான தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்குக் கொம்புபோன்ற அலகும் வரிசையாக நுண்பற்களும் உண்டு; அவை பாசியையும் இளகிய இலையையும் சுரண்டித் தின்னும். நகத் தவளையின் தலைப்பிரட்டைக்கு அவை இல்லை. அது வாயால் நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்துகள்களைச் செவுள் பகுதியில் வடிகட்டி விழுங்குகிறது. ஆகவே கீரை அதற்கு உணவாகாமல் தொட்டியிலேயே அழுகி அம்மோனியாவாக மாறுகிறது. செவுளைப் பாதித்துத் தலைப்பிரட்டையைக் கொல்வது அந்த அம்மோனியாவே.

இன்றே கீரை முழுவதையும் வலையால் எடுத்துவிட்டு, நுனியில் மெல்லிய துணி கட்டிய குழாயால் அடியில் உள்ள கசடை உறிஞ்சி நீக்குங்கள். பாதி நீரை இன்றும் பாதி நீரை நாளையும் மாற்றுங்கள். புதிய நீர் தொட்டி நீரின் வெப்பநிலையிலேயே இருக்க வேண்டும். குழாய் நீர் என்றால் அதில் சேர்க்கப்பட்ட குளோரின் தலைப்பிரட்டையின் மென்மையான செவுளுக்கு நஞ்சாகும். திறந்த பாத்திரத்தில் காற்றுக்குமிழி விட்டு 24 மணி நேரம் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். ஆனால் சில ஊர்களில் சேர்க்கப்படும் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) அவ்வாறு எளிதில் வெளியேறாது. உங்கள் நீரில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால், மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் குளோரின் நீக்கியைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. தாமிரம் கலந்த மீன் மருந்துகளை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள்.

உணவாக ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியின் தூளைக் கொடுங்கள். ஒரு சிட்டிகைத் தூளைச் சிறு புட்டியில் நீரோடு குலுக்கி, கனமான துகள் அடியில் படிந்ததும் மேலே உள்ள பச்சை நீரை மட்டும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுங்கள். தொட்டி நீர் இலேசாகப் பச்சை காட்டினால் போதும். சில மணி நேரத்தில் அது மீண்டும் தெளிய வேண்டும். தெளியாத வரை அடுத்த வேளை உணவு கூடாது. அளவு மிஞ்சினால் துகள்கள் செவுளை அடைத்துவிடும். சுருண்ட குடல் பச்சையாகத் தெரிந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். முதன்முதலில் வளர்ப்பவர்களின் தொட்டியில் பட்டினியால் இறப்பவற்றைவிட, கூடுதலாக ஊட்டப்பட்டு இறப்பவையே அதிகம் என்பது நான் திரும்பத் திரும்பக் கண்டது.

வெப்பநிலை 22 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். நீரை வேகமாக இழுக்கும் ஃபில்டர் இவற்றை உறிஞ்சிக்கொள்ளும். மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். உயிரோடிருக்கும் இருபதுக்கும் குறைந்தது இருபது லிட்டர் நீராவது கொடுங்கள். அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் சென்றால் அஞ்ச வேண்டாம். அவற்றுக்கு நுரையீரலும் உண்டு.

கேள்வி: குள்ளத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்கும் இதே பச்சை நீர் போதுமா?

பதில்: போதாது. உருவத்தில் சிறியதாயினும் குள்ளத் தவளையின் தலைப்பிரட்டை பிறவி வேட்டைக்காரன். ஓர் இரையைக் கண்ணால் குறிவைத்து, குழாய்போல நீளும் வாயால் உறிஞ்சி விழுங்கும். முதல் நாள்களில் நுண்ணுயிர்கள் நிறைந்த நீரும், சற்று வளர்ந்ததும் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) குஞ்சுகளும் உயிரோடு கிடைத்தாக வேண்டும். ஆர்ட்டீமியாவை நல்ல நீரில் அலசி உப்பைப் போக்கிய பிறகே விடுங்கள். எந்த வகை என்ற ஐயம் இருந்தால் தாய்த் தவளையின் முன்கால்களைப் பாருங்கள்: விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை, விரல்கள் தனித்தனியாக இருந்தால் நகத் தவளை.

கேள்வி: இரண்டு மாதமாக நன்றாக வளர்ந்த என் நகத் தவளைத் தலைப்பிரட்டைக்கு முன்கால்கள் வெளிவந்துவிட்டன. அன்றிலிருந்து சாப்பிடவே இல்லை. உடலும் சிறுத்துக்கொண்டே போகிறது. ஏறி உட்காரக் கல் வைக்க வேண்டுமா?

பதில்: கல் தேவையில்லை. தரைக்கு ஏறும் தவளைகளுக்குத்தான் அந்த நேரத்தில் கரை வேண்டும்; நகத் தவளை வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும். துகளை வடிகட்டிய குடல் இப்போது இறைச்சி செரிக்கும் குடலாகத் திருத்தி அமைக்கப்படுகிறது, வாயும் மாறுகிறது, வால் கரைந்து உடலுக்கே உணவாகிறது. எனவே ஏறக்குறைய ஒரு வாரம் அது உண்ணாது. ஆறு சென்டிமீட்டர் நீளமிருந்த தலைப்பிரட்டை இரண்டு சென்டிமீட்டர்கூட எட்டாத தவளைக்குஞ்சாக முடிவதும் இயல்பே. இந்த மாற்றம் முழுவதையும் இயக்குவது தைராய்டு சுரப்பு. 1912-ஆம் ஆண்டில் குடர்நாட்ச் என்னும் ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்தபோது, அவை உரிய காலத்துக்கு முன்பே மிகச் சிறிய தவளைகளாக மாறின.

இந்த வாரத்தில் உணவைப் போட்டு நீரைக் கெடுக்காதீர்கள். வாலும் காலும் ஒருசேர இருக்கும் நிலையில் நீந்துவது கடினமாதலால், நீர் மட்டத்தை ஒரு சாண் உயரத்துக்குக் குறைத்து, தொட்டியை மூடி வையுங்கள். வால் சிறு முனையாகக் குறுகியதும் நறுக்கிய புழுக்களைக் கொடுத்துப் பாருங்கள். முன்கைகளால் வாய்க்குள் தள்ளி உண்ணும். நாக்கு இல்லாத தவளை அப்படித்தான் உண்ண முடியும். அப்போதே அளவுவாரியாகப் பிரித்துவிடுங்கள். பெரியது சிறியதைத் தயங்காமல் விழுங்கும்.

கேள்வி: முப்பது குஞ்சுகள் மிஞ்சிவிட்டன. அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சிலி, பிரான்ஸ், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் நகத் தவளை இவ்வாறு வெளியேறி அங்குள்ள நீர்நிலைகளில் பெருகியிருக்கிறது. உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையையும் அது நோயின் அறிகுறி எதுவுமின்றிச் சுமந்து செல்லக்கூடும். தொட்டி நீரையும் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கலந்து சில மணி நேரம் வைத்த பிறகு கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். அந்த நீரைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம். சால்மொனெல்லா கிருமி அதில் இருக்கக்கூடும்.

இந்தக் குஞ்சுகள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. முறையாக வளர்க்கத் தெரிந்தவர்களிடமோ, அவற்றைப் பராமரிக்கும் கல்விக்கூடங்களிடமோ கேட்டு ஒப்படையுங்கள். இவ்வினத்தை வளர்க்க உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் தவளை ஒரே தடவையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். அடுத்த முறை பத்து முட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை முதல் நாளிலேயே எடுத்து உறைய வைத்து அழித்துவிடுங்கள்.