ஒரு வாய்க்கால் போதும்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டரில் கைடின் மேற்பார்வையில் நாங்களே ஓர் ஆய்வு செய்து தர வேண்டும். ‘காவிரி டெல்டாவின் பாசன வரலாறு’ என்று எழுதிக் கொடுத்தேன். “ரொம்பப் பெரிசு, சுருக்கிக்கொண்டு வாம்மா” என்று திருப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது? தமிழிலேயே எழுதலாமா?

பதில்: உங்கள் கைடு நல்லதைத்தான் செய்திருக்கிறார். கல்லணையில் தொடங்கி மேட்டூர் வரை எழுதப் போனால், ஏற்கெனவே அச்சில் இருப்பதைச் சுருக்கித் தருவதற்கே நாள் போதாது.

உங்கள் பக்கம் ஓடும் பாமணி ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நுழையும் தலைமடையிலிருந்து அது போய்ச் சேரும் கடைமடை வரை ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கிற அளவு போதும். அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: இதைத் தூர் வாருவது யார் பொறுப்பாக இருந்தது, அது எப்போது கைமாறியது? ஊர்க்காரர்களே கூடி வாய்க்காலையும் ஏரியையும் பராமரிப்பதுதான் குடிமராமத்து. அந்த வேலைக்கு ஆள் வராவிட்டால் தண்டிக்கலாம் என்று சென்னை மாகாணத்தில் 1858-லேயே சட்டம் வந்தது. அதே குடிமராமத்து என்ற பெயரில் 2017-ல் அரசுத் திட்டம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் உங்கள் வாய்க்காலில் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். அதுதான் உங்களுக்கான இடம்.

கேள்வி முடிவாகிவிட்டால் எதையெல்லாம் ஒதுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் உள்ள மராத்தியர் கால ஆவணங்கள் பெரிய பொக்கிஷம். ஆனால் அந்த எழுத்தைப் பழகவே உங்கள் செமஸ்டர் போய்விடும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆங்கிலேய அதிகாரி ஹெமிங்வே தொகுத்த 1906-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்ட கெசட்டியரை, அதாவது அரசின் மாவட்ட விவரத் தொகுப்பை, முதலில் படியுங்கள். அப்புறம் கிராம வரைபடம், கிராமத்து நில விவரங்கள் அடங்கிய ஏ-பதிவேடு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் ஒன்றை மறக்காதீர்கள்: 1991 வரை நாகையும் திருவாரூரும் தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. திருவாரூர் என்று தேடினால் பழைய கோப்பு கைக்கு வராது.

ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதன்பின் வாய்க்கால் வற்றியிருக்கும்போது இறங்கி நடந்து பாருங்கள். பழைய மதகுகள் சிலவற்றில் கட்டிய ஆண்டைப் பொறித்திருப்பார்கள்; தண்ணீர் ஓடும்போது அது கண்ணில் படாமல் போகலாம்.

பெரியவர்களிடம் பேசுவதுதான் இந்த ஆய்வின் உயிர். “எந்த வருஷம் தாத்தா?” என்று கேட்டால் தடுமாறுவார்கள். “புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா? அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேளுங்கள். 1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலை அந்த வயதுக்காரர்கள் மறக்கவில்லை. அதை வைத்து ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். இன்னொன்று, இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்: நிலம் வைத்திருந்தவர் “நாங்கதான் வருஷா வருஷம் வெட்டினோம்” என்று சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். மண்வெட்டி பிடித்தது யார், கூலி நெல்லா காசா, மண் சுமந்த பெண்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அடுத்த தெருவுக்கும் போய்க் கேளுங்கள். அந்தப் பதில்கள் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள்; பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னால் போடாதீர்கள்.

கைடைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு பக்கம்: கிடைத்தது என்ன, சிக்கல் எங்கே, அவரிடம் கேட்க வேண்டியது எது. அவர் சொன்னதை அன்று மாலையே எழுதி அவருக்கு அனுப்பிவிட்டால், பின்னால் “நான் அப்படிச் சொல்லலையே” என்ற பேச்சுக்கு இடமிருக்காது. எடுக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் கோப்பு எண், பக்க எண், பார்த்த தேதி எழுதுங்கள். என் ஆய்வில் நல்லதொரு மேற்கோளுக்குப் பக்க எண் குறிக்காமல் விட்டேன். திரும்பப் போய் இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பத்தியையே எடுத்துவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

தமிழில் எழுதலாமா என்பதைத் துறைத்தலைவரிடம் முதல் வாரமே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். அனுமதி கிடைத்தால் தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் என்று ஆகிவிட்டால், தலைமடை, கடைமடை, மதகு, தூர் ஆகிய சொற்களை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது மட்டும் பொருள் விளக்குங்கள். பெரியவர்கள் சொன்னதைத் தமிழிலேயே பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.