தரை துடைக்கும் திரவம் குழந்தைக்கு விஷமா?

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கடைத் திரவத்தால் தரை துடைப்பது விஷம் வைப்பதற்குச் சமம் என்று ஒருவர் வீடியோ காட்டி, கையோடு 'கெமிக்கல் இல்லாத' பாட்டிலையும் நீட்டினார், அன்றிரவு தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். லேபிளில் சொன்ன அளவுக்குக் கலந்து, தரை காய்ந்தபின் குழந்தையை இறக்கிவிட்டிருந்தால் நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை.

கெமிக்கல் இல்லாத பொருளே கிடையாது. தண்ணீரும் கெமிக்கல்தான். எவ்வளவு, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதுதான் கேள்வி. பயமுறுத்தி விற்பவர்கள் அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். இயற்கை என்றால் ஆபத்தில்லை என்பதும் தப்பு. யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

கடைத் திரவத்துக்குப் பதிலாக வீட்டிலேயே செய்யலாம் என்கிறார்களே என்று, வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து நானும் பார்த்தேன். புஸ்ஸென்று நுரை பொங்கி அடங்கியது, சிங்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிட்டால் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர்தான்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது வேறு. பிளீச்சுடன் வினிகரோ கழிப்பறை கழுவும் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். தயவுசெய்து கலக்கவே கலக்காதீர்கள். அப்புறம், எந்தத் திரவத்தையும் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். எல்லாமே குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தினமும் துடைக்க சாதாரண சோப்புத் தண்ணீரே போதும். அவர் மறுபடி வந்தால், பாட்டிலில் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.