அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பழைய பாட்டு எது?

எனக்கு "டிரான்ஸ்ஃபியூஷன்", அதாவது ரத்தம் ஏற்றுவது. 1956-இல் அமெரிக்காவில் டாட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இசைத்தட்டு. பாடியவர் நெர்வஸ் நார்வஸ். அது புனைபெயர்தான், சொந்தப் பெயர் ஜிம்மி டிரேக். கலிபோர்னியாவில் ஓக்லண்டு பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், பாட்டு வெளிவந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. எல்விஸ் பிரெஸ்லி மேடையைக் கலக்கிக்கொண்டிருந்த அதே வருஷம்.

அந்தப் பக்கம் நான் வேலையில் இருந்தபோது, வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு பெரியவர், பழைய தட்டுகள் நிறைய வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போடுவார். இதைப் போட்டால் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது, பிரேக் சத்தம் வரும் இடத்தில் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

கதை இதுதான். ஒருத்தன் காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். டயர் கிறீச்சிடுகிறது, மோதி நொறுங்கும் சத்தம், அடுத்து ஆஸ்பத்திரி, ரத்தம் ஏற்றுகிறார்கள். இனிமேல் வேகமாகவே ஓட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். அடுத்த சரணத்தில் திரும்பவும் அதே வேகம், அதே மோதல். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ரத்தம் கேட்கிற வரிதான் பாட்டின் உயிர். "ஷூட் த ஜூஸ் டு மி, புரூஸ்" என்பான், 'ஜூஸ்' என்ற சொல்லுக்கு ஒலி பொருந்த புரூஸ் என்று ஒரு பெயர்; இன்னொரு சரணத்தில் 'கேலன்' என்ற அளவுக்கு ஆலன் என்று ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வருவான். எதுகைக்குப் பழகிய காது நமக்கு, அடுத்து எந்தப் பெயர் வரப்போகிறது என்று காத்திருக்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இத்தனைக்கும் பெரிய வாத்தியக் கூட்டம் எதுவும் கிடையாது, தந்தியை மீட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஊர்க்கதை பேசுகிற மாதிரி நிதானமான ஒரு குரல், அந்த நிதானத்துக்கு நடுவில்தான் திடீரென்று கண்ணாடி நொறுங்குகிறது. இதையே யாராவது கத்திப் பாடியிருந்தால் ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ரெட் பிளான்சர்டு என்ற வானொலி அறிவிப்பாளரின் குறும்புப் பேச்சுதான் டிரேக்குக்கு முன்மாதிரி. ஆனால் பல வானொலி நிலையங்கள் இந்தப் பாட்டைப் போடவே மறுத்துவிட்டன. ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் கார் விபத்தில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சாலை விபத்தை வைத்துச் சிரிப்பதா என்று பலருக்குக் கோபம். அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் பாட்டைக் கவனித்துக் கேட்டால், அதில் அடிபடுவது முழுக்க அந்த வேகப் பைத்தியம்தான். இவ்வளவு எதிர்ப்புக்கு நடுவிலும் அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியது!

அப்புறம் "ஏப் கால்" என்று ஒன்று பாடினார், அது 24-ஆம் இடம். அதற்குமேல் பெரிதாக எதுவும் அமையவில்லை. 1968-இல் இறந்துவிட்டார். பிற்காலத்தில் டாக்டர் டிமென்டோ தன் வானொலி நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைப் போட்டு அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார், அந்த மனிதருக்கு நான் மனதாரக் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டரை நிமிஷம்தான், யூடியூபில் கிடைக்கிறது. தயவுசெய்து வண்டி ஓட்டும்போது மட்டும் கேட்காதீர்கள், அந்த பிரேக் சத்தம் நிஜமாகவே தூக்கிவாரிப் போடும்.