கருக்கிய தாள் மோப்பம் பிடிக்குமா?

கேள்வி: பிளாஸ்டிக் தாளை லேசரால் கருக்கி, வளையக்கூடிய வாயு சென்சார் செய்யலாம் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். கதை விடுகிறானா?

பதில்: இல்லை அம்மா, பையன் சொல்வது சரிதான். செல்போன் ரிப்பேர் கடையில் சர்க்யூட் போர்டில் ஒட்டுவார்களே, தேன் நிற டேப்? அது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக். 2014-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் அந்த வகைத் தாளின்மேல் லேசரை ஓட்டினார்கள். அக்ரிலிக் பலகையில் பெயர் வெட்டும் அதே கார்பன் டை ஆக்சைடு லேசர்தான். சூட்டில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் வாயுவாகப் பறந்துவிட, கார்பன் மட்டும் கிராஃபீனாக, அதாவது அணு அளவே தடிமனுள்ள கார்பன் ஏடுகளாகப் பொங்கி, ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாக நின்றது. வாயு வந்து ஒட்ட நிறைய இடம்! வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு ஒட்டினால், எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும், மின்தடை மாறும். அதை அளந்தால் போதும்.

2018-இல் ரொட்டியிலும் தேங்காய் ஓட்டிலும்கூட கிராஃபீன் வரைந்துவிட்டார்கள். அதற்காக என் வீட்டுக் கருகின தோசையைச் சென்சார் என்று சொல்ல முடியாது, சொல்லியும் பார்த்தாயிற்று.

சிக்கல் எங்கே என்றால், தாளை வளைத்தாலும் மின்தடை மாறும், காற்றில் ஈரம் ஏறினாலும் மாறும். எது வாயு, எது வளைவு, எது ஈரம் என்று பிரித்தறிவதில்தான் இப்போது பாடுபடுகிறார்கள்.