தறிக்குடோனுக்கு ஒரு வழி போதும்

கேள்வி: எங்க வீட்டு முன்னறையிலதான் ஆபீஸ். பின்னால 60 மீட்டர் தள்ளி தறிக்குடோன். வீட்டு ரூட்டர்ல இருந்து குடோன் ஆக்சஸ் பாயிண்டுக்கு வயர்லெஸ் பிரிட்ஜ் போட்டு, பாவு, ஊடை, பீஸ் கணக்கெல்லாம் அங்கிருந்தே ஏத்திட்டு இருந்தோமுங்க. கேமரா மாட்ட வந்தவர் வீட்டுல இருந்து கேபிளும் இழுத்து, குடோன்ல பல கேபிளைச் சேர்க்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்ல சொருகிட்டுப் போனார். அப்போ இருந்து நெட் அடிக்கடி நின்னுபோகுது. ஸ்விட்ச்ல எல்லா விளக்கும் படபடன்னு அடிக்குது. ஆஃப் பண்ணிப் போட்டா கொஞ்ச நேரம் ஓடுது. பெரிய பிளானுக்கு மாறணுமுங்களா?
– வாசகி, சோமனூர்

பதில்: பிளானுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்ட வேண்டாம், அம்மணி. வயர்லெஸ் பிரிட்ஜ் என்பது இரண்டு இடத்து நெட்டை வைஃபையால் இணைக்கும் பாலம். அதனால் குடோனுக்குக் காற்றில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. கேபிள் வந்ததும் வழி இரண்டாகி, வளையமாகிவிட்டது. லூப் என்பது இதுதான்.

ஒரு கணினி "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று கேட்டால், அந்தக் கேள்வி எல்லாப் போர்ட்டுக்கும் போகும். உங்கள் இடத்தில் அது கேபிளில் குடோனுக்குப் போய், பிரிட்ஜ் வழியாக வீட்டுக்கு வந்து, மறுபடி கேபிளில் ஏறுகிறது. நெட்டில் போகும் தகவல் பொட்டலமான ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட் கழிந்துவிடும். ஸ்விட்ச்சுகளுக்கு இடையே தகவலைச் சுமக்கும் உறையான ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கிடையாது. செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும், அடுத்தடுத்த கேள்விகளும் சேர்ந்துகொள்ளும். இதில் முதலில் படுப்பது வைஃபைதான். எல்லாப் போனுக்கும் எட்ட வேண்டும் என்பதால், எல்லாருக்கும் போகும் இப்படிப்பட்ட கேள்வியை, அதாவது பிராட்காஸ்ட்டை, ஆக்சஸ் பாயிண்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும்.

விளக்குகள் படபடக்கும்போது அந்தக் கேபிளை மட்டும் உருவிப் பாருங்கள். சில நொடிகளில் அடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு ஆக்சஸ் பாயிண்ட் செட்டிங்கில் பிரிட்ஜை அணையுங்கள். சிலவற்றில் டபிள்யூடிஎஸ் என்று இருக்கும். கேபிளைச் சொருகி, குடோன் கருவியை வைஃபை மட்டும் தரும் சாதாரண ஆக்சஸ் பாயிண்டாக ஓட்டுங்கள். கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வீட்டு ரூட்டரில் மட்டும் இருக்கட்டும். ஒரே ரேடியோ பிரிட்ஜையும் போன்களையும் சுமந்தால், ஒரே தகவல் இரண்டு முறை காற்றில் போக வேண்டும்; வேகம் ஏறக்குறைய பாதியாகும். அந்தப் பாரமும் இனி இருக்காது. இரண்டு வைஃபைக்கும் ஒரே சேனல் வேண்டியதில்லை: 2.4 கிகாஹெர்ட்ஸில் வீட்டுக்கு 1, குடோனுக்கு 11 வையுங்கள்.

கேபிள் அறுந்தால் பிரிட்ஜ் தானே கைகொடுக்க வேண்டும் என்றால், ஸ்பேனிங் ட்ரீ வேண்டும். ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த முறை அது, 1990இல் 802.1டி என்ற தரநிலையானது. ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசி ஒரு வழியை அடைத்து வைக்கும், மற்றது போனால் திறக்கும். பழைய முறையில் அதற்கு 30 முதல் 50 நொடி ஆகும், அதன் வேகமான புது வடிவமான ஆர்எஸ்டிபியில் சில நொடிதான். மலிவான 5 போர்ட், 8 போர்ட் ஸ்விட்ச்சுகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. வசதியுள்ள ஸ்விட்ச்சுகளை வாங்கினால், வீட்டு ஸ்விட்ச்சின் முன்னுரிமை எண்ணான பிரையாரிட்டியை 32768இலிருந்து 4096 ஆக்குங்கள்; எண் குறைந்ததுக்கே முதலிடம். அதுவே தலைமை ஸ்விட்ச்சாக நிற்கும். ஆனால் ஒரு குடோனுக்கு இவ்வளவு தேவையில்லை என்பதே என் எண்ணம்.

எனக்கு அதைவிடக் கவலை அந்தக் கேபிள் திறந்தவெளியில் போகிறதா என்பது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கினால், செம்புக் கம்பி வழியாக ஸ்விட்ச்சும் கேமராவும் சேர்ந்து போய்விடும். ஃபைபராக மாற்றிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண கேபிளுடன் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஆளுக்கொன்று வைத்தால் போதும். அதுவரை, வானம் கறுக்கத் தொடங்கும்போதே கேபிளை இரு பக்கமும் உருவிவிட்டு, அதன் பிறகு இரண்டு வைஃபையையும் ஒரே சேனலுக்கு மாற்றி பிரிட்ஜை ஆன் செய்யுங்கள்.