கேள்வி பதில்: வேலை, வீடு, நடுவுல மாஸ்டர்ஸ்

கேள்வி: அக்கா, ஃபுல் டைம் வேலைல இருந்துகிட்டே பார்ட் டைமா மாஸ்டர்ஸ் படிக்கிறேன், இது ரெண்டாவது செமஸ்டர். ரெண்டு பசங்க. அவங்கள தூங்க வச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல லேப்டாப்ப திறந்தா ஒரே பாராவ நாலு தடவ படிக்கிறேன், மண்டைல ஏறவே மாட்டேங்குது. வீட்டுக்காரர் "முடியலன்னா விட்டுடேன்"ங்கறார். விட்டுடவா? (பெயர் வேண்டாம்)

பதில்: விடாதீங்கம்மா. நாள் பூரா ஆபீஸ், அப்புறம் சமையல், பசங்க ஹோம்வொர்க், எல்லாம் முடிச்சிட்டு பத்து மணிக்கு உக்காந்தா யாருக்குத்தான் ஏறும்?

முதல்ல எவ்ளோ நேரம் வேணும்னு ஒரு கணக்கு போடுங்க. ஐரோப்பால ஒரு கிரெடிட்னா 25லேர்ந்து 30 மணி நேர உழைப்புன்னு வச்சிருக்காங்க, வருஷத்துக்கு 60 கிரெடிட், ஆக குறைஞ்சது 1500 மணி நேரம். அதையே ரெண்டு வருஷமா பிரிச்சாலும் வாரத்துக்கு 14, 15 மணி நேரம் வருது. உங்க கோர்ஸ் ஹேண்ட்புக்லயும் இப்படி ஒரு கணக்கு இருக்கான்னு பாருங்க. இவ்ளோ நேரத்த எங்கேர்ந்து எடுக்கறதுன்னு வீட்ல யாரும் பேசி முடிவு பண்ணலன்னா அது பேசாம உங்க தூக்கத்துலேர்ந்து போயிடும், இப்ப அதான் நடக்குது. படிச்சது மனசுல தங்கறதுக்கு தூக்கம் ரொம்ப முக்கியம், அதுல கை வச்சா படிச்சதும் சரியா நிக்காது.

அதனால அந்த கணக்க வீட்டுக்காரர் கைல குடுங்க. "ஹெல்ப் பண்ணுங்க"ன்னு பொதுவா சொன்னா ரெண்டு நாள் நடக்கும், அப்புறம் மறந்துடும். சனிக்கிழமை காலைல எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பசங்க அவர் பொறுப்பு, சாப்பாடு உட்பட, நீங்க கதவ சாத்திட்டு படிக்கிறீங்கன்னு மணி குறிச்சு பேசிடுங்க. வீடு கொஞ்சம் கலைஞ்சு கிடந்தா கிடக்கட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது.

நாலு தடவ படிக்கிற பழக்கத்தயும் விடுங்க. ரோடிகர், கார்பிக்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2006ல ஒரு சோதனை பண்ணாங்க. அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் வச்சப்போ திரும்பத் திரும்ப படிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா படிச்சத மூடி வச்சிட்டு நினைவுலேர்ந்து எழுதிப் பாத்தவங்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்துச்சு. அதனால ஒரு தடவ படிங்க, மூடுங்க, தெரிஞ்சத ஒரு பேப்பர்ல கிறுக்குங்க, விட்டுப்போனத மட்டும் திரும்ப பாருங்க. இதுக்கு இருபது நிமிஷம் போதும், லஞ்ச் பிரேக்லயே முடிச்சிடலாம்.

கேள்வி: படிக்கிறத ஆபீஸ்ல சொல்லலாமா? தீசிஸுக்கு ஆபீஸ் டேட்டாவே எடுத்துக்கலாம்னு பாக்குறேன். (இன்னொரு வாசகர்)

பதில்: தாராளமா சொல்லுங்க தம்பி. எக்ஸாம் தேதி அறிவிச்ச அன்னிக்கே லீவுக்கு எழுதிக் குடுத்துடுங்க, கடைசி வாரத்துல போய் நின்னா மேனேஜராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. தினம் பாக்கற வேலையவே தலைப்பா எடுத்தா பாதி பாரம் குறையும், நல்ல யோசனைதான். ஆனா டேட்டாவ தொடறதுக்கு முன்னாடியே எழுத்துல பர்மிஷன் வாங்கிடுங்க, காலேஜ்ல எதிக்ஸ் அப்ரூவல், அதாவது இந்த ஆராய்ச்சியால யாருக்கும் பாதிப்பு இல்லன்னு பாத்து குடுக்கற அனுமதி, வேணுமான்னு கைடு கிட்டயும் கேட்டுக்கோங்க. வாயால "ஓகே"ன்னு சொன்ன மேனேஜர் நடுவுல மாறிட்டார்னா பாதி எழுதின தீசிஸோட நிக்கணும்.