"மூலை முடுக்கு": முடுக்குக்குப் பொருள் உண்டா?

உங்கள் மகளின் ஆசிரியர் "முடுக்கு" வெறும் மோனைக்காகச் சேர்ந்தது, தனிப் பொருள் இல்லை என்றாரா? ஒப்புக்கொள்ள வேண்டாம். எதிரொலிச் சொல்லாக இருந்தால் "மூலை கீலை" என்றுதான் வரும். பாம்பு கீம்பு, காசு கீசு மாதிரி, 'கி', 'கீ' என்று தொடங்கும். இது சந்து பொந்து போல இரண்டு பக்கமும் பொருள் உள்ள இணைமொழி.

முடுக்கு என்றால் ஒடுக்கமான மூலை, குறுகலான சந்து. திருநெல்வேலிப் பக்கம் இன்றும் புழங்கும் சொல். இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே ஓர் ஆள் போகிற அளவு வழி, ஓரத்தில் சாக்கடை, சுவரில் சாய்த்த சைக்கிள். உச்சி வெயிலிலும் நிழல் இருக்கும். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான்.

இதற்கு நெருங்கிய சொல் முடக்கு. முடங்கு, முடம் எல்லாம் வளைவைக் குறிக்கும் குடும்பம். யாழ்ப்பாணத்தில் தெரு திரும்பும் இடத்தை முடக்கு என்றே சொல்வார்கள். "பணியை முடுக்கிவிட்டார்" என்பதில் வருவது விரைவுபடுத்தும் வினை. அதை இதோடு சேர்க்க வேண்டாம். அப்புறம், ஆசிரியர் இன்னும் நம்பவில்லை என்றால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை அவரிடம் காட்டும்படி மகளிடம் சொல்லுங்கள்.